பேஸ் ஓட்ட விதிகள்: நான் கோட்டை விட்ட இடம்

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் தெரு கிரிக்கெட் ஆடியே முட்டி தேய்ந்தவன் நான். 2017-ல் நம் நாட்டுக்காரர் கிஃப்ட் இங்கோபே பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடி, ஆப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீக் (வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) போன முதல் ஆள் ஆனார், அதற்கப்புறம்தான் எனக்கு பேஸ்பால் பித்து பிடித்தது. அம்பயர் எழுத்துத் தேர்வு எழுதினேன், முதல் தடவை தேறவில்லை. தப்பாய்ப் போனதில் முக்கால்வாசி பேஸ் ஓட்டம் (முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு, ரன் எடுக்க ஹோம் என்ற கடைசி பேஸுக்கு ஓடுவது) பற்றிய கேள்விகள். என்னைக் கவிழ்த்தது என் கிரிக்கெட் மூளைதான்.

கிரிக்கெட்டில் அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம். பேஸ்பாலில் பந்து தரையில் உருண்டு உள்ளே போனால் அடித்தவர் ஓடியே ஆகவேண்டும், ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் முதல் பேஸில் நிற்கிறவரும் நகர்ந்தாகவேண்டும். இதுதான் ஃபோர்ஸ். எந்தக் கேள்வி வந்தாலும் 'பின்னாலிருந்து தள்ளுகிற ஆள் இருக்கிறாரா' என்றுதான் முதலில் பாருங்கள். இருந்தால் பந்தோடு பேஸை மிதித்தாலே அவுட் (முதல் பேஸுக்கு ஓடுகிற அடித்தவருக்கும் அப்படித்தான்), இல்லையென்றால் ஓடுகிறவரைப் பந்தால் தொடவேண்டும் (கேட்ச் மட்டும் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்).

நான் தோற்ற கேள்வி இது. முதல் பேஸில் ஒரு ரன்னர். பந்து முதல் பேஸ்காரரிடம் உருண்டு வர, அவர் தன் பேஸை மிதித்துவிட்டு இரண்டாம் பேஸுக்கு எறிகிறார், அங்கே நிற்பவர் பேஸை மிதிக்கிறார். இரண்டு அவுட் என்று எழுதினேன். தப்பு! அடித்தவர் அவுட் ஆன நொடியே தள்ளுகிறவர் போய்விட்டார், இனி ரன்னரைத் தொட்டால்தான் உண்டு. முதலில் இரண்டாம் பேஸ், அப்புறம் முதல் பேஸ் என்று எறிந்திருந்தால் மிதித்தே இரண்டையும் எடுத்திருக்கலாம்.

புத்தகத்தைப் பத்து தடவை படித்தும் மண்டையில் ஏறாத இது, ஞாயிற்றுக்கிழமைகளில் துனி என்ற சீட்டு ஆடுகிற மேசையில் நாலு தீப்பெட்டியைப் பேஸாக வைத்து ரேண்ட் காசுகளை நகர்த்தியபோது ஏறிவிட்டது ("காசை வச்சு என்னடா விளையாட்டு" என்று ஆயா திட்டினார், அது வேறு கதை). யாராவது அவுட் ஆனால் அந்தக் காசை உடனே எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த எறிதலைப் பாருங்கள்.

கேட்ச் இன்னொரு பொறி. கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்ததும் பந்து செத்துவிடும், இங்கே சாகாது, ஆனால் ரன்னர் பந்து ஃபீல்டர் கையில் படும்வரை பேஸில் இருந்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும், முன்னாலேயே போனவர் திரும்ப வந்து தொடவேண்டும், அதற்குள் பந்தோடு அந்தப் பேஸை மிதித்தால் அவர் அவுட். இப்போது பாருங்கள்: ஒரு அவுட், முதல், மூன்றாம் பேஸ்களில் ஆள். தூக்கியடித்த பந்து கேட்ச். மூன்றாம் பேஸில் இருந்தவர் முறையாகக் காத்திருந்து ஓடி ஹோமை மிதித்துவிட்டார். முதல் பேஸில் இருந்த அவசரக்குடுக்கை ரன்னர் பாதி வழி போய்விட்டார், அவர் திரும்புவதற்குள் பந்து முதல் பேஸுக்கு வந்து மூன்றாவது அவுட். ரன் உண்டா?

உண்டு. பேஸை மிதித்து எடுத்ததால் ஃபோர்ஸ் மாதிரி தெரியும், ஆனால் தள்ளவேண்டிய ஆள் கேட்சிலேயே அவுட். மூன்றாவது அவுட் ஃபோர்ஸாக இருந்தாலோ, அடித்தவர் முதல் பேஸைத் தொடும் முன்பே அவுட் ஆனாலோ, முன்னால் ஓடியவர் ஒரு பேஸைத் தொடாமல் விட்டதற்காக அவுட் ஆனாலோதான் ரன் செல்லாது. மற்றபடி அவுட்டுக்கு முன் ஹோமை மிதித்தாரா என்பதுதான் கணக்கு. இந்தக் கேள்வியை மட்டும் நான் ஒரு வாரம் காசு நகர்த்திப் பார்த்தேன்.

மைதானத்துப் பேச்சை நம்பி எழுதாதீர்கள். முதல் பேஸைத் தாண்டி ஓடியவர் இடது பக்கம் திரும்பினாலே டேக் செய்து (பந்தால் தொட்டு) அவுட் ஆக்கலாம் என்பார்கள், இல்லை, இரண்டாம் பேஸுக்கு முயன்றால்தான். மூன்று அடி விலகினால் அவுட் என்பதும் டேக் செய்ய வரும்போது மட்டும்தான், அதுவும் அந்த நேரத்தில் ரன்னர் நிற்கிற இடத்திலிருந்து பேஸுக்கு நேர்க்கோடு போட்டு அளப்பது.

தேர்வில் காசு வைக்க விடமாட்டார்கள், நான் கேள்வித்தாள் ஓரத்தில் சின்னக் கட்டம் போட்டுப் புள்ளிகளை அடித்துக்கொண்டே போனேன். எத்தனை அவுட் என்ற எண்ணை முதலில் வட்டமிடுங்கள், பாதிக் கேள்விகளின் குறும்பு அங்கேதான் இருக்கிறது.