பவர் பத்திரம் எழுதி ஏமாந்த கதை

தம்பிக்கு வயது 26. அறிவுசார் குறைபாடு. அப்பா அவன் பேரில் போட்டிருந்த டெபாசிட் முதிர்ந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. "பையன் மேஜர், அவரேதான் கையெழுத்துப் போடணும், முடியாதுன்னா கோர்ட் ஆர்டர் கொண்டாங்க" என்றார்கள் வங்கியில். பெற்ற அம்மா எதிரே நிற்கிறார், ஆனால் 18 முடிந்த அன்றே அவருடைய காப்பாளர் உரிமை போய்விட்டதாம்.

பாலக்கோட்டில் பத்திரம் எழுதுகிற ஒருவர், "கோர்ட்டெல்லாம் எதுக்குங்க, தம்பிகிட்ட ஒரு பவர் வாங்கிடலாம்" என்றார். 3,500 ரூபாய். கட்டைவிரலில் மை தடவி வைக்கச் சொன்னதும் தம்பிக்கு ஒரே குஷி. பத்திரத்தில் ஒன்று, என் வெள்ளைச் சட்டையில் ஒன்று வைத்தான். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "எதுல கை வைக்கிறோம்னே தெரியாதவர் எப்படிங்க பவர் கொடுக்க முடியும்?" என்று திருப்பித் தந்தார். நியாயம்தான். பவர் கொடுக்கிறவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது செல்லாது. பணம் போனது போனதுதான்.

வழி சொன்னது தம்பியின் சிறப்புப் பள்ளி டீச்சர். 1999ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு. சட்டப்பூர்வ காப்பாளரை அதுவே நியமிக்கும், கோர்ட் வேண்டாம். மனுவை எடுத்துக்கொண்டு தருமபுரி போனோம். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, மாற்றுத்திறனாளி அட்டையில் வெறும் இனிஷியல். திருத்திக்கொண்டு வர இன்னொரு நடை. எங்கள் தப்புதான்; கிளம்பும் முன் எல்லா அட்டையையும் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

விசாரணை சீக்கிரம் முடிந்தது. "உன்னை யாருப்பா பாத்துக்கிறது?" என்று கேட்டார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

அங்கே அரூர் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். மனைவிக்கு மறதி நோய். இந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான். மறதி நோய், மனநோய், கோமா என்றால் நீதிமன்றம்தான். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியையே காப்பாளராக 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்திருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயந்து அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாற்றுத்திறனாளி என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

அம்மாவைக் காப்பாளராக நியமித்த சான்றிதழோடு போனால் வங்கியில் மறுபடியும் அதே பாட்டு, "கோர்ட் ஆர்டர்". இந்தக் குழு தரும் காப்பாளர் சான்றிதழை ஏற்கும்படி ரிசர்வ் வங்கி 2007லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பிரின்ட் எடுத்து மேஜை மேல் வைத்தேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்கள். அரை மணியில் வேலை முடிந்தது.

இதோடு தீராது. நியமனமாகி ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. அம்மா இதற்கென்றே நோட்டுப் போட்டுவிட்டார். முதல் பக்கத்தில் முதல் வரி: 'முட்டை பப்ஸ் 20 ரூபாய்.' அதையெல்லாமா எழுதுவது என்றால், "அவன் காசுடா" என்கிறார்.