அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம்

"இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்னபோது அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய் கல்லீரல்வரை போயிருந்தது. அப்பாவிடம் நாங்கள் சொன்னது அல்சர். அம்மா, அண்ணன், நான் மூவரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட பொய் அது. பார்க்க வந்தவர்களையும் வாசலில் நிறுத்தி, "உள்ளே போய் அழுதுடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினோம்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை. 10 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தார்கள். பழக்கமாகிவிடுமோ என்ற பயத்தில், அவர் முனக ஆரம்பித்தால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டோடு இருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த பராமரிப்பாளரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் முதல் நாளே மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டார்.

"வலி வந்தப்புறம் துரத்தக் கூடாதும்மா. வலிக்குதோ இல்லையோ, நேரத்துக்குப் போட்டுடணும். மலம் இளகறதுக்கும் மருந்து குடுத்திருப்பாங்களே, அது எங்கே?"

அது பிரிக்காமல் பையிலேயே கிடந்தது. மார்ஃபின் மலத்தைக் கட்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஐந்து நாள் வயிற்று வேதனையையும் நோயின் கணக்கில் எழுதியிருந்தோம். எல்லாம் நேரப்படி நடந்த மூன்றாம் நாள் அப்பா சாய்ந்து உட்கார்ந்து நாலு வாய் ரசம் சாதம் சாப்பிட்டார்.

ராத்திரி கண்விழிக்கும்போது டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' படித்தேன். இந்த நேரத்தில் படிக்கிற புத்தகமா இது என்று அண்ணன் திட்டினான். 1886இல் வந்த குறுநாவல். அதில் இவானை வலிக்கு நிகராக வதைப்பது சுற்றியிருப்பவர்களின் நடிப்பு. சாகிற மனிதனிடம், வெறும் உடம்புக்கு முடியாததுபோலவே எல்லோரும் பேசுகிறார்கள். கெராசிம் என்கிற வேலைக்காரப் பையன் மட்டும் நடிப்பதில்லை. இவானின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் அக்கா, அப்பாவின் வீங்கிய காலுக்கு அடியில் தலையணையை நகர்த்திக்கொண்டிருந்தார்.

ரெண்டு நாள் கழித்து அப்பா அவரிடம்தான் கேட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"இது அல்சர் இல்லதானேம்மா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க ஐயா?"

"முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறேன்."

அக்கா மறுக்கவில்லை. "பாப்பாவைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

உள்ளே போனேன். எத்தனை நாள் என்றார். "யாருக்கும் சரியா தெரியலப்பா. வாரக்கணக்குதான்னு சொல்றாங்க" என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன், அவர் அழவில்லை. "சரி, ஒரு பேப்பர் எடு" என்றார். மாடிப் போர்ஷன்காரரின் அட்வான்ஸ், பால்காரருக்குப் பாக்கி, அம்மாவின் பென்ஷனுக்கு எந்தெந்தக் காகிதம் என்று ஒரு மணி நேரம் சொன்னார். இவ்வளவையும் அடக்கிக்கொண்டு மூன்று வாரம் அல்சர்க்காரராக அவரும் நடித்திருக்கிறார், எங்களுக்காக. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வரும்.

கடைசி ரெண்டு நாள் மூச்சு கரகரத்தது. தண்ணீர் கொடுக்க ஓடிய அம்மாவை அக்கா தடுத்து, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைக்கச் சொன்னார். அம்மா கடைசிவரை அதைச் செய்துகொண்டே இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், அண்ணனும் நானும் குரோசவாவின் 'இகிரு' பார்த்தோம். 1952இல் வந்த ஜப்பானியப் படம், அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் கதை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அவருக்கும் இரைப்பைப் புற்றுநோய். டாக்டர் அவரிடம், லேசான அல்சர்தான் என்கிறார். காத்திருக்கும் இடத்திலேயே வேறொரு நோயாளி, அவர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்லிவிட்டிருக்கிறான்.

அண்ணன் படத்தை நிறுத்தினான். சுடுகாட்டிலும் அழாதவன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பால்காரருக்கு எவ்வளவு பாக்கின்னார் அப்பா?" என்று கேட்டான்.

சொன்னேன். பணத்தை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினான்.