அரை இஞ்ச் என்பது ஒரு பெயர்

ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். 1959 முதல் இது தோராயமே இல்லை, வரையறையே அதுதான். ஒரு அடி 304.8. இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் மிச்சமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பெருக்கல். ஆனாலும் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஹார்டுவேர் கடைகளுக்கு, நேற்று வாங்கிய எல்போவை, அதாவது பைப் திரும்பும் மூலைத் துண்டை, திருப்பிக் கொடுக்க ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. பெருக்கலில் தப்பு இருக்காது. பெருக்கவே கூடாத எண்ணைப் பெருக்கியிருப்பார்கள்.

எண்ணைத் தொடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: மாறியது பெயரா, பொருளா? 1856ல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியபோது தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம். இன்று அதையே 1676 மி.மீ. என்று எழுதுகிறார்கள். பெயர் மாறியது, தண்டவாளம் நகரவில்லை. வீட்டுச் சாமான்களில் பாதிக்கு மேல் அப்படியில்லை. பழைய பெயர் நாக்கில் இருக்கிறது, பொருள் சத்தமில்லாமல் மாறிவிட்டது.

பைப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய வீட்டில் சுவருக்குள் போகிற ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) "அரை இஞ்ச்" பைப்பை அளந்தால் வெளிவிட்டம் 21.3 மி.மீ., உள்வாய் சுமார் 16. 12.7 எங்குமே கிடையாது. புது பாத்ரூமுக்குப் போடும், வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி அரை இஞ்சுக்கு வெளிவிட்டம் 15.9. மொட்டைமாடி டேங்கிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கும் பிளாஸ்டிக்கான யுபிவிசி அரை இஞ்சோ ஜிஐ மாதிரியே 21.3. மூன்றுக்கும் கடையில் ஒரே பெயர். சிபிவிசி எல்போவுக்குள் யுபிவிசி நுழையாது. யுபிவிசி எல்போவில் சிபிவிசியைச் செருகினால் லொடலொடவென்று ஆடும். அதைச் சால்வென்ட் ஊற்றி அடைக்கப் பார்ப்பது வீண். சால்வென்ட் இடைவெளியை நிரப்பும் பசை இல்லை, பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து ஒன்றோடொன்று பிடிக்கவைப்பது. இறுக்கமாக உட்காராத இடத்தில் பிடிக்காது.

மூன்றுக்கும் பொதுவானது அரை இஞ்ச் மரை மட்டும்தான். அதனால் வகை மாறும் இடத்தில் ஒட்டுவதை விட்டுவிட்டு மரையில் சேருங்கள்: ஜிஐ பக்கம் ஒரு நிப்பிள் (வெளியே மரை போட்ட குட்டைத் துண்டு), சிபிவிசி பக்கம் உள்ளே பித்தளை மரை வைத்த எஃப்டிஏ என்கிற இணைப்பு, நடுவில் டெஃப்ளான் டேப். பிளாஸ்டிக் மரையே போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். இரும்போடு இறுக்கும்போது வெடிப்பது அதுதான், அதுவும் டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு.

மோட்டார் லைனில் இன்னொரு வம்பு. சாம்பல் நிற பிவிசி பைப் வெளிவிட்டத்தை வைத்து மி.மீ.யில் விற்பது: 32, 40, 50, 63. பிளம்பர் வாயில் 32 என்பது "ஒரு இஞ்ச்", 63 என்பது "ரெண்டு இஞ்ச்". ஆனால் யுபிவிசி ஒரு இஞ்சின் வெளிவிட்டம் 33.4. பெயர் ஒன்று, வித்தியாசம் 1.4 மி.மீ., ஒன்றின் ஃபிட்டிங் மற்றதில் சேராது. விட்டம் அளக்கும் வெர்னியர் இல்லையென்றால் பைப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அதன் நீளத்தை அளந்தாலே போதும். 50 மி.மீ. வந்தால் சிபிவிசி அரை, 67 வந்தால் ஜிஐ அல்லது யுபிவிசி அரை, 100.5 வந்தால் 32 மி.மீ. பிவிசி, 105 வந்தால் யுபிவிசி ஒரு இஞ்ச்.

நூல் என்றதும் போல்ட்டுக்கு வந்துவிடலாம். பட்டறையிலும் கொத்து வேலையிலும் நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. மூணு நூல் போல்ட் என்பது 3/8 இஞ்ச், அதாவது 9.5 மி.மீ. எம்10 என்பது 10 மி.மீ. பழைய இரும்பு கேட்டிலும் கடைசல் மெஷினிலும் மூணு நூலும், புதுச் சாமானில் எம்10ம் இருக்கும். எம்10 நட் மூணு நூல் போல்ட்டில் அழகாக ஏறிவிடும். ஆபத்தே அங்கேதான். போல்ட் அரை மி.மீ. ஒல்லி, மரைக்கு மரை தூரம் மூணு நூலில் 1.59 மி.மீ., எம்10ல் 1.5. நாலைந்து சுற்று போனதும் ஓரிரண்டு மரை மட்டுமே பாரம் தாங்கும். ஸ்பேனரில் நல்ல இறுக்கமாகத் தெரியும், ஒருநாள் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். எம்8 நட்டை இரண்டரை நூல் போல்ட்டில் போட்டால் இரண்டு மூன்று சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும். அது எவ்வளவோ மேல், தப்பு என்று அப்போதே தெரிந்துவிடுகிறதே. சந்தேகம் வந்தால் போல்ட்டின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு இஞ்சுக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 16 என்றால் மூணு நூல், கிட்டத்தட்ட 17 என்றால் எம்10.

கம்பி கட்டுகிறவர்கள் இன்றும் நூலில்தான் பேசுவார்கள். இரண்டரை நூலுக்கு 8 எம்எம், மூணுக்கு 10, அஞ்சுக்கு 16, ஆறுக்கு 20 என்று எல்லாமே நூலைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். நாலு நூல் மட்டும் விதிவிலக்கு. அது 12.7, கடையில் கிடைப்பது 12. விட்டத்தில் அற்பமாகத் தெரிந்தாலும் கம்பியின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நாலு நூலில் 8 கம்பி என்று எழுதிய பழைய கணக்குக்கு 12 எம்எம்மில் 9 வேண்டும். பழைய மொழுக்கைக் கம்பியைவிட இன்றைய டிஎம்டி வலுவானது என்பது உண்மை. அதனால் 8 போதுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் இன்ஜினியர், மேஸ்திரி இல்லை. கூடவே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: "நாற்பது அடி" கம்பி 12 மீட்டர்தான், 39 அடி நாலரை அங்குலம். 12 எம்எம் முழுக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும்.

டைல்ஸில் "ரெண்டுக்கு ரெண்டு" என்பது 600க்கு 600 மி.மீ. நாலு சதுர அடி இல்லை, 3.875. நாலு டைல்ஸ் கொண்ட பெட்டி 15.5 சதுர அடி. 180 சதுர அடி ஹாலுக்குச் சேதாரம் ஐந்து சதவீதம் சேர்த்து 189 என்று வைத்து, பெட்டிக்கு 16 என்று வகுத்தால் 12 பெட்டியில் முடிந்த மாதிரி இருக்கும். உண்மையில் 13. அந்த ஒரு பெட்டியைப் பிறகு வாங்கப்போனால் அதே பேட்ச் இருக்காது, நிறம் ஒரு சாயல் தள்ளி வரும்.

காய்ச்சலுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். ஃபாரன்ஹீட்டில் 30 கழித்து இரண்டால் வகு என்கிற குறுக்குவழி வெயிலுக்குச் சரி. தெர்மாமீட்டரில் 104 காட்டும்போது அதைச் செய்தால் 37 வரும், ஏதோ ஆரோக்கியமான உடம்பு மாதிரி! சரியான விடை 40. 98.6க்கு 37, அதன்பிறகு ஒவ்வொரு 1.8க்கும் ஒரு டிகிரி என்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மனை. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, 223 சதுர மீட்டர். சதுர மீட்டரை 10.764ஆல் பெருக்க வேண்டும். சுலபத்துக்காகப் பத்தால் பெருக்கினால் கிரவுண்டுக்கு 170 சதுர அடி, அதாவது ஒரு நல்ல படுக்கையறை, காகிதத்திலேயே காணாமல் போகும். பட்டாவில் 0 - 02 - 23 என்று இருந்தால் அது ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். அதை 2.23 சென்ட் என்று படித்துவிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. ஒரு ஏர் 2.47 சென்ட், ஆக அந்த மனை ஐந்தரை சென்ட், சரியாக ஒரு கிரவுண்டு. பத்திரத்தில் 2400 இருந்து பட்டாவில் 220 சதுர மீட்டர் மட்டும் இருந்தால் 32 சதுர அடி உதைக்கிறது. அதைக் கால்குலேட்டரில் தேட வேண்டாம், சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.