ஏர்க்கால் தரையைத் தொடாமல் இருக்க

சங்கிலி இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். போன மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூரில் விளக்கு அலங்காரம் போட்டு முடித்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு ஜெனரேட்டர் வண்டியை பொலிரோவின் பின்னால் மாட்டிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குத் திரும்பினோம். அப்போதும் இரண்டுக்கும் நடுவே ஒரு சங்கிலி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால் தயங்காமல் காட்டியிருப்பேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கே.வி.கே. குப்பத்தை ஒட்டி ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் பின்னால் இரும்பு மோதும் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். ஜெனரேட்டர் மூக்கு குப்புற விழுந்து கிடக்க, அதன் அடியில் தீப்பொறி பறந்தது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். அது பெரிய தவறு. பிரேக்கே இல்லாத இரண்டு சக்கர டிரெய்லர், ஜெனரேட்டரும் சேர்த்து 1,100 கிலோ, என் வண்டியின் பின்கதவில் மோதி வலப்பக்கம் திரும்பி நின்றது. துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கண்டெய்னர் லாரி ஒன்று எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டது. அந்த ஓட்டுநர் தூங்காமல் இருந்தார். நாங்கள் பிழைத்தது அவரால்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. கொக்கியில் செருகும் பெரிய பின்னுக்கு அடியில், அது மேலே வராமல் தடுக்க, ஸ்பிளிட் பின் (நுனியை விரித்து மடக்கும் சிறு கம்பி ஊசி) போட வேண்டும். அது எங்கோ தொலைந்துபோக, பையன் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டிருந்தான். வேகத்தடையின் குலுக்கலில் கம்பி அறுந்து பின் மேலே எகிறிவிட்டது. ஏர்க்கால் கீழே விழுந்து தாரை ஒரு முழ நீளத்துக்கு உழுதிருந்தது. (மாட்டுவண்டிக்குச் சொல்வதுபோல இழுவைத் தண்டை நாங்கள் ஏர்க்கால் என்றுதான் சொல்வோம்.) சங்கிலியோ, இரும்புக் கேட்டுக்குப் பூட்டுப் போடும் சாதாரணச் சங்கிலி. ஒரு முனையை பம்பரில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தோம். பம்பரின் தாங்கி பாதி பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. சங்கிலியின் நடுவில் நான்கைந்து கண்ணிகள் அடிப்பக்கம் தேய்ந்து சப்பையாகிவிட்டிருந்தன. எத்தனை மாதம் சாலையில் உரசிக்கொண்டே வந்ததோ! பெட்ரோல் டேங்கர்கள் போகும் அதே சாலையில்தான் அப்படிப் பொறி கக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

என் தாய்மாமா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் ரிக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரேனில் சரக்கு மாட்டிய கை. மறுநாள் காலையில் வந்து பழைய சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. "மாப்பிள்ளை, இந்தச் சங்கிலிக்கு நீ என்ன வேலை கொடுத்திருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். வண்டி ஓடிப்போகாமல் பிடிக்கத்தான் என்றேன். "ஓடிப்போகாமல் பிடிப்பது பாதி வேலை. ஏர்க்கால் விழுந்தால் அது தரையைத் தொடுவதற்குமுன் ஏந்திக்கொள்ள வேண்டும். அதுதான் மீதிப் பாதி" என்றார். எட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை.

அவரையே அழைத்துக்கொண்டு மண்ணடிக்குப் போனேன். சங்கிலி, கம்பிக்கயிறு, ஷாக்கிள் (சங்கிலியை மாட்டும், குறுக்கே திருகு போட்ட லாட வடிவ இரும்பு) விற்கும் கடைகள் அங்கே உண்டு. கனமாக இருந்தால் பலமாக இருக்கும் என்று நான் ஒரு தடித்த சங்கிலியைக் காட்டினேன். மாமா அதைத் தொடவே இல்லை. கண்ணிகளில் எந்த முத்திரையும் இல்லாத சங்கிலி எத்தனை கிலோ தாங்கும் என்று விற்பவருக்கே தெரியாது என்றார். கடைசியில் 8 மில்லிமீட்டர் கிரேடு 80 சங்கிலியை எடுத்தோம். தூக்குவதற்குப் பயன்படும் ரகம். கண்ணியில் எண் பொறித்திருந்தது. ஒற்றைச் சங்கிலியின் வேலைச் சுமை, அதாவது பாதுகாப்பாக ஏற்றக்கூடிய சுமை, 2 டன். அறுபடும் சுமை அதைப்போல நான்கு மடங்கு. கடைக்காரர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வேலைச் சுமையைத்தான். இரண்டு சங்கிலி போடுகிறோமே, ஆளுக்குப் பாதிச் சுமைதானே என்று கேட்டேன். அப்படிக் கணக்குப் போடக் கூடாதாம். திருப்பத்தில் ஒன்று தளர்ந்து மற்றொன்று இறுகும். இறுகிய ஒன்றே முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும். அதற்கேற்ப 2 டன் முத்திரை உள்ள அரை அங்குல வில் ஷாக்கிள்களும் வாங்கினோம்.

வெல்டிங் பட்டறையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசிக் கண்ணியை நேராகச் சேசிஸில் வைத்துப் பற்றவைத்துவிடலாம், பத்து நிமிட வேலை என்றார் பட்டறைக்காரர். மாமா சம்மதிக்கவில்லை. இந்த வகைச் சங்கிலியின் பலம் அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. பற்றவைத்த சூட்டில் பதம் போய்விடும். ஆகவே 12 மில்லிமீட்டர் தகட்டில் துளை போட்டு, பொலிரோவின் சேசிஸ் சட்டத்தில் இடமும் வலமுமாக இரண்டு காதுகளை, தலையில் 8.8 என்று பலத்தின் குறி பொறித்த போல்ட்டுகளால் இறுக்கினோம். பம்பரிலும் இல்லை, கொக்கியிலும் இல்லை. கொக்கியே கழன்று விழுந்தால் கொக்கியில் மாட்டிய சங்கிலி யாருக்கு உதவும்?

மாட்டும் முறையை மாமா தரையில் உட்கார்ந்து காட்டினார். டிரெய்லரின் இடப்பக்கச் சங்கிலி ஏர்க்காலுக்கு அடியில் போய் வண்டியின் வலக் காதுக்கு. வலப்பக்கச் சங்கிலி இடக் காதுக்கு. இரண்டும் அடியில் குறுக்காகப் பின்னிக்கொள்ளும்போது தூளி மாதிரி ஓர் அமைப்பு வருகிறது. கையை நீட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். குழந்தையைப் போடலாம் போல இருந்தது.

நீளம் சரிசெய்வதற்குத்தான் அரை நாள் ஆனது. ஒரு பக்கம் முழுவதும் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினால் வெளிப்பக்கச் சங்கிலி விறைத்தது. நீட்டினால் தரையில் இழுபட்டது. எங்கள் தெருவின் முனை மிகக் குறுகலானது. அங்கேயே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, விறைக்காத நீளத்தைச் சாக்கட்டியால் கண்ணியில் குறித்துக்கொண்டோம். மிச்சம் தொங்கியதைப் பையன் முறுக்கிக் குட்டையாக்கப் போனான். மாமா கையைப் பிடித்துத் தடுத்தார். முறுக்கிய சங்கிலியிலும் முடிச்சுப் போட்ட சங்கிலியிலும் கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். உள்ள பலம் கிடைக்காது. மிகுந்த கண்ணிகளைக் கடைக்கே கொண்டுபோய் வெட்டிவிட்டு வந்தோம். ஷாக்கிளின் திருகை இறுக்கிய பிறகு அதன் கண்ணில் மெல்லிய கம்பியைக் கோத்துக் கட்டினோம், குலுக்கலில் திருகு கழன்று வராமல் இருக்க.

பிறகு மாமா சொன்ன சோதனை. டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஏர்க்காலை ஜாக்கியில் சற்றுத் தூக்கிப் பின்னை உருவினோம். ஜாக்கியை மெல்ல இறக்க, ஏர்க்கால் தாழ்ந்து வந்து சங்கிலியில் உட்கார்ந்தது. சங்கிலி ஒருமுறை முனகியது. நான் குனிந்து கையை அடியில் கொடுக்காமல், ஒரு செங்கல்லைத் தள்ளிப் பார்த்தேன். செங்கல் தாராளமாக நுழைந்தது. அன்றிரவு ஏர்க்கால் உழுத அந்த முழ நீளத் தார் என் கண்முன் வந்து போனது.

இனி கழன்றால் என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். சங்கிலி இழுபட்ட நிலையில் இருக்கும்வரை டிரெய்லர் பின்னாலேயே வரும். பிறகு மெல்ல மெல்ல பிரேக் கொடுத்து ஓரம் கட்ட வேண்டும்.

ஸ்பிளிட் பின்கள் இப்போது டேஷ்போர்டில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. கட்டுக்கம்பியை வண்டியில் ஏற்றவே விடுவதில்லை. புறப்பட்டு இரண்டு கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி, பின்னையும் ஷாக்கிள்களையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறோம். எங்கள் கடற்கரைக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. மாதம் ஒருமுறை சங்கிலியைக் கழற்றித் தேய்த்து, வெர்னியர் அளவுகோலால் கண்ணியின் தடிமனை அளக்கிறேன். பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், அதாவது 7.2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், தூக்கி எறிய வேண்டும். போன வாரம் 7.9 இருந்தது. நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.