சங்கத்துத் தீர்மானப் புத்தகங்கள்: மேற்கு மாம்பலம் நாட்குறிப்பு

12 நவம்பர் 2024, செவ்வாய்

அப்பா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு வருகிறது, ஆனால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. பிசியோ பையன் கிளம்பியதும் கேட்ட முதல் கேள்வி: "புக்கெல்லாம் எங்க?" பீரோவிலேயே இருக்கிறது என்றேன். வீட்டை இடித்துக் கட்ட ஜனவரியில் பில்டரிடம் சாவி கொடுக்க வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. அதை நினைத்துத்தான் கேட்கிறார்.

14 நவம்பர்

பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க எங்கள் தெருவாசிகள் சங்கம்தான். நீள நோட்டுகள், முதுகில் வருஷம் எழுதி ஒட்டிய வெள்ளைத் தாள், ரசீது கட்டைகள், துருப்பிடித்த குண்டூசி குத்திய மனு நகல்கள். முதல் நோட்டில் இருப்பது அப்பா கையெழுத்து இல்லை, அவருக்கு முன்னால் செயலாளராக இருந்த வாத்தியார் மாமாவுடையது. முதல் கூட்டம் 1974 கோடையில், யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில்.

அந்த வருஷத்துக்குக் காரணம் இருக்கிறது. 1973 டிசம்பரில் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். அதுவரை இந்த ஊருக்கு கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. குழாயில் காற்று வந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் போய்ச் சொல்ல ஆள் இல்லை. மனு எழுதிக்கொண்டு அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். ஒற்றை ஆளாகப் போனால் நாற்காலி கிடைக்காது, சங்கம் என்று லெட்டர்பேடோடு போனால் உட்காரச் சொல்வார்கள். இதை அப்பா எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது நோட்டில் படிக்கும்போதுதான் அந்த வருஷங்களின் நீளம் தெரிகிறது.

15 நவம்பர்

தூக்கம் இல்லை. அப்பாவும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

17 நவம்பர், ஞாயிறு

நாள் முழுக்க எழுபதுகளின் நோட்டுதான். பாதிக்குப் பாதி கொசு. மேற்கு மாம்பலம் என்றால் கொசுவும் யானைக்காலும் என்று ஊரே சொன்ன காலம். ஒரு தீர்மானத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்: "இரவு ரத்தப் பரிசோதனைக்கு வரும் சுகாதார ஊழியர்களுக்குத் தெருவாசிகள் கதவைத் திறந்து ஒத்துழைக்க வேண்டும்." யானைக்கால் நோய் தரும் புழுக்குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும், அதனால் ராத்திரியில்தான் விரலில் குத்தி எடுக்க வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்பாதே என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. வாத்தியார் மாமா ஒவ்வொரு வீடாகத் தானே கூடப் போயிருக்கிறார், டார்ச் பேட்டரிக்கு ஆன செலவு கணக்கில் இருக்கிறது.

மீதிப் பாதி மழைநீர். இங்கே லேக் வியூ ரோடு என்று பெயர், ஏரியைக் காணோம். 1920களில் அந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். 1925இல் இறந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர் அதற்கு. பனகல் ராஜா பெயரில் பூங்கா, உஸ்மான் பெயரில் சாலை, நடேச முதலியார் பெயரில் இன்னொரு பூங்கா. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் திட்டம் போட்டு அளந்த மனைகள். இந்தப் பக்கம் ஸ்டோர் வீடுகள், ஒண்டுக் குடித்தனம், சந்து. ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரே தீர்மானம்: வடிகாலைத் தூர் வார வேண்டும். வார்த்தைகூட மாறவில்லை, தேதி மட்டும் மாறுகிறது. இதைப் பார்த்து எனக்குச் சலிப்பு வரவில்லை, மரியாதைதான் வருகிறது.

19 நவம்பர்

அப்பா இடது கையால் ஸ்பூன் பிடித்தார்.

22 நவம்பர், வெள்ளி

1981 நோட்டு. பக்கத்தின் நடுவில் ஒரு வரி: "வாடகைக்குக் குடியிருப்போர் கூட்டத்தில் கருத்துக் கூறலாம். வாக்குரிமை இல்லை."

அந்த வருஷம் அப்பாவே வாடகைக்காரர்தான். பின்போர்ஷனில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கிணற்றடியில் பொதுக் குளியலறை. அன்றைய மனு நகல்களில் பாதி அவர் கையெழுத்தில் இருக்கின்றன. எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும், ஓட்டுப் போட மட்டும் வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் கோட்டுக்குக் கீழே, தனியாக இருக்கிறது.

"ஏம்ப்பா, கோபம் வரலையா உங்களுக்கு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "வந்துது" என்றார். அப்புறம் "தண்ணி..." என்றார். டம்ளரை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

23 நவம்பர்

தண்ணி என்று அவர் சொன்னது என்ன என்று கண்டுபிடித்துவிட்டேன். 2003 கோடை. வீராணம் தண்ணீர் சென்னைக்கு வருவதற்கு முந்தின வருஷம், மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்த வருஷம். தெரு முனையில் லாரி நிற்கும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று சங்கம்தான் பங்கு வைத்தது. ஒரு கட்டடத்தில் ஆறு குடித்தனம் இருந்தால் அது ஒரு வீடா, ஆறு வீடா? சொந்தக்காரர்கள் கட்டடக் கணக்கு என்றார்கள். அப்பா அப்போது செயலாளர். அடுப்புக்கு ஒரு கணக்கு என்று தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில். கூட்டம் முடியும்போது ராத்திரி பதினொன்றரை என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.

அதே கூட்டத்தில் வாடகைக்காரர் வாக்குரிமையையும் கொண்டுவந்தார். தோற்றுப்போனது. தண்ணீரைப் பங்கு போட்டவர்களுக்கு ஓட்டைப் பங்கு போட மனசு வரவில்லை.

27 நவம்பர்

பெட்டி கட்ட ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். நோட்டுகளைக் காட்டி, "இது பழைய பேப்பருக்கா அக்கா?" என்றார். இல்லை தம்பி என்றேன். மனசு நாள் முழுக்க அதிலேயே நின்றது.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். கரண்ட் இல்லை. அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை.

1 டிசம்பர்

எதிர் மேன்ஷனில், அதாவது பேச்சிலர்கள் வாடகைக்குத் தங்கும் விடுதியில், இருக்கும் பையன்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகால் மூடியைத் தூக்கி, இலையும் பிளாஸ்டிக்கும் அள்ளிப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியது. ஐ.டி. கம்பெனியில் ஒருவன், ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் இருவர், இன்னொருவன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி படிக்கிறவன். யாரும் உறுப்பினர் இல்லை, ஆகவும் முடியாது. சங்கத்து ஆட்கள் வாட்ஸாப்பில் போட்டோ போட்டார்கள்.

4 டிசம்பர்

பில்டர் ஆபீசில் கையெழுத்து வேலை. 2019இல் கட்டட விதி மாறி, மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 2 ஆனதுமே இந்தத் தெருவின் கணக்கு மாறிவிட்டது. பழைய மூன்று மாடிகளை இடித்துக் கட்டினால் லாபம் நிற்கும் என்று ஆனது. இந்த வருஷம் புதிய அடுக்ககச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம். எங்கள் எட்டு வீட்டில் ஆறு பேர் எப்போதோ போட்டுவிட்டார்கள், அப்பாவும் ஸ்ட்ரோக் வருவதற்கு முன்பே. கீழ் வீட்டு மாமி மட்டும் இன்று போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "துளசி மாடத்தை எடுத்துண்டு போலாமோன்னோ?" என்று கேட்டார். போகலாம் மாமி என்று பில்டரின் ஆள் சொன்னார்.

இரண்டு வருஷம் எல்லோரும் வெவ்வேறு இடம். மாமி மகன் வீட்டுக்கு, நாங்கள் அசோக் நகரில் வாடகைக்கு. தெருவில் இதுபோல இன்னும் நான்கு கட்டடம் காலியாகிறது. செயற்குழுவில் பாதிப் பேர் இங்கே இருக்கப் போவதில்லை. இருக்கப் போவது வாடகைக்காரர்கள்தான்.

6 டிசம்பர், வெள்ளி

சங்கத் தலைவரிடம் பேசினேன். சிறப்புப் பொதுக்குழு கூட்ட வேண்டும், துணைவிதியை மாற்ற வேண்டும், குடியிருக்கும் எல்லோருக்கும் ஓட்டு. அவர் இல்லை என்று சொல்லவில்லை. "வாடகைக்கு வர்றவங்க பதினோரு மாசத்துல போயிடுவாங்களேம்மா" என்றார். அப்பா இந்தத் தெருவில் எத்தனை வருஷம் வாடகைக்கு இருந்தார் என்று நோட்டைப் பார்த்துச் சொன்னேன். 2022இல் மாநகராட்சியில் வார்டு கமிட்டி, பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதிசபை எல்லாம் வந்துவிட்டதே சார், வாக்காளராக இருந்தால் அங்கே எழுந்து கேள்வி கேட்கலாம், சொந்த வீடா என்று யாரும் கேட்பதில்லை, நம் சங்கத்தில் மட்டும் ஏன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சரி, நோட்டீஸ் விடலாம் என்றார். டிசம்பர் 29, ஞாயிறு, காலை பத்து மணி. நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும்.

9 டிசம்பர்

கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது.

13 டிசம்பர்

தொண்ணூறுகளின் ரசீதுகள். தெருத் தூய்மைக்கான எக்ஸ்னோரா அமைப்பைப் பார்த்து நம் தெருவும் குப்பை அள்ள மூன்று சக்கர வண்டி வாங்கியது, வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய். குப்பை அள்ளியவரைத் தெரு அழகுபடுத்துநர் என்று அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அவர் பெயரை எங்கேயும் எழுதவில்லை. வண்டி ரிப்பேர் செய்த கடையின் பெயர்கூட இருக்கிறது. கணக்கில் "சம்பளம்" என்று மட்டும் வருஷக்கணக்காக. அப்பாவிடம் கேட்டேன். உடனே சொன்னார், தெளிவாக, ஒரு எழுத்துத் தடுமாறாமல். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

18 டிசம்பர்

பிசியோ இன்னும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். அப்பா கதவு வரை நடந்தார்.

21 டிசம்பர், சனி

புத்தகங்களை யார் வைத்துக்கொள்வது? தலைவர் லாஃப்டில் போடலாம் என்கிறார். லாஃப்டில் போட்டால் கரையான்தான் படிக்கும். மேன்ஷன் பையன்களில் அந்த சி.ஏ. படிக்கிறவன், ஸ்கேன் செய்து தருகிறேன் அக்கா, ஆபீசில் மிஷின் இருக்கிறது என்றான். 1974 நோட்டைக் கொடுத்தனுப்பினேன். மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனான்.

26 டிசம்பர், வியாழன்

அப்பா 29ஆம் தேதி கூட்டத்துக்கு வருவேன் என்கிறார். லிஃப்ட் இல்லை, இரண்டு மாடி. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரைக் கேட்க வேண்டும். 1981 பக்கத்தையும் 2003 பக்கத்தையும் நாற்பது காப்பி ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க. ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்பதுக்குத்தான் திறக்குமாம். அப்பா கூப்பிடுகிறார்.