இரண்டு கார்பன் இதழ்கள்

11 ஜனவரி 2022

இனித் தள்ளிப்போட வழியில்லை என்பது இன்றைய எக்கோ பரிசோதனையில் தெளிவாகிவிட்டது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு, நல்ல நிலையில் இருந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும், 1.5க்குக் கீழே இறங்கினாலே கடுமையான சுருக்கம் என்கிறார்கள். எனக்கு இப்போது 0.9. சிறு வயதில் தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டுக்கு மூட்டு வீங்க வைத்துப் போன ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம் இது. தொண்டையில் தங்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் வால்வின் திசுவையும் பகையென்று எண்ணித் தாக்கியதால், அதன் இதழ்கள் தடித்து ஓரங்களில் ஒட்டிக்கொண்டன. என் 24ஆம் வயதில் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி அதை விரித்துவிட்டார்கள். அந்த விரிப்பு 18 ஆண்டுகள் தாங்கியது. இப்போது சுண்ணாம்பு படிந்து, கசிவும் சேர்ந்துகொண்டதால் மறுபடியும் பலூன் வைக்க முடியாதாம். வால்வையே மாற்ற வேண்டும்.

மூச்சு முட்டாமல் படுக்கத் தலையணை இரண்டு என்பது மூன்றான நாளிலேயே எனக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

19 ஜனவரி 2022

அறுவை சிகிச்சை நிபுணர் மேசை மேல் இரண்டு மாதிரி வால்வுகளை வைத்து, "எடுத்துப் பாருங்கள்" என்றார்.

ஒன்று திசு வால்வு. மாட்டின் இதயத்தைச் சூழ்ந்திருக்கும் உறையிலிருந்து வெட்டிப் பதப்படுத்திய மூன்று வெளிர் இதழ்கள், துணி சுற்றிய சட்டகத்தில் தைக்கப்பட்டிருந்தன. மற்றதை எல்லாரும் 'மெட்டல் வால்வு' என்று சொல்கிறார்கள், ஆனால் அதன் இதழ்கள் உலோகத்தால் ஆனவை அல்ல. பைரோலிட்டிக் கார்பன் என்னும் பொருளின் பூச்சு கொண்ட, அரைவட்ட வடிவிலான இரண்டு கறுப்புத் தகடுகள் ஒரு வளையத்துக்குள் கீல் போட்டதுபோல் நிற்கின்றன. வளையத்தைச் சுற்றித் தையலுக்கான வெள்ளைத் துணி ஓடுகிறது. அணு உலை எரிபொருள் துகள்களுக்கு மேற்பூச்சாக உருவாக்கப்பட்ட இந்தப் பொருளில் ரத்தம் ஒட்டுவது குறைவு, தேய்மானமும் மிகக் குறைவு என்று கண்ட பிறகுதான் அது இதயத்துக்குள் வந்ததாம். சுண்டுவிரல் நுனியால் தள்ளினேன். தகடுகள் தடையில்லாமல் மடங்கித் திறந்தன. விரலை எடுத்து வளையத்தைச் சற்றுச் சாய்த்ததும் 'டிக்' என்று மூடிக்கொண்டன. இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது என்றால், நான் கேட்ட இந்த ஒலி நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை எனக்குள் எழும்.

மருத்துவர் எதையும் ஒளிக்கவில்லை. திசு வால்வு பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். வயது குறையக் குறைய அதில் சுண்ணாம்பு விரைவாகப் படியும். மூடியிருக்கும் நேரத்தில் இடது கீழறையின் முழு அழுத்தத்தையும் தாங்குவதால், மைட்ரல் இடத்தில், ரத்தம் உடலுக்குப் புறப்படும் வாயிலான அயோர்ட்டிக் இடத்தைவிடச் சீக்கிரம் பழுதாகும். 42 வயதில் அதை வைத்துக்கொண்டால் இன்னொரு முறை, ஒருவேளை அதற்கும் பிறகு மற்றொரு முறை நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். கார்பன் வால்வு ஆயுளுக்கும் வரக்கூடியது. ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை போட வேண்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ரத்தக்கசிவு அபாயத்தோடு வாழ வேண்டும். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்டேன். கார்பன் வால்வு போன்ற இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு அவை கூடாது என்றார். அவற்றுள் ஒன்றான டாபிகாட்ரான் என்ற மருந்தை இத்தகையவர்களிடம் சோதித்த ஆய்வை, ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் 2012இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

27 ஜனவரி 2022

எட்டு நாட்களாக வீட்டில் இதே பேச்சுதான். கணவருக்குத் திசு வால்வின் பக்கம் மனம் சாய்கிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்றதும் அவர் கண்முன் வருவது மூளைக்குள் ரத்தக்கசிவு. தங்கை, "பத்து வருஷத்துக்குள் கத்தியே வைக்காமல் குழாய் வழியாகப் புது வால்வைப் பொருத்தும் முறை இன்னும் முன்னேறிவிடும் அக்கா" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2002இல் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்ட அந்த முறை அயோர்ட்டிக் வால்வில் இன்று வழக்கமான சிகிச்சை. மைட்ரல் இடத்தில் பழைய திசு வால்வுக்குள் புதியதைப் பொருத்துவதும் நடக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு அது நிலைபெறவில்லை. இன்னும் வராத ஒரு வசதியை நம்பி இன்றைய முடிவை எடுக்க எனக்குத் துணிவில்லை.

நான் சாய்ந்தது பழைய பதிவுகளின் பக்கம். ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து கூண்டுக்குள் பந்து வைத்த வால்வை மைட்ரல் இடத்தில் பொருத்தியது 1960இல். அவ்வகை வால்வுகளுள் சில பல பத்தாண்டுகள் உழைத்திருக்கின்றன. இரண்டு இதழ் கொண்ட கார்பன் வால்வு 1977 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலத்தில் அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு கட்டுரை, உயிர்வாழும் காலத்தில் இயந்திர வால்வுக்குள்ள சாதகம் அயோர்ட்டிக் இடத்தில் 55 வயது வரைதான், மைட்ரல் இடத்திலோ 70 வயது வரை நீடிக்கிறது என்று கண்டது. என் வயதுக்கும் என் வால்வுக்கும் அது ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும். கருவுற்ற 6 முதல் 12 வாரங்களில் வார்ஃபரின் குழந்தையின் எலும்பு வளர்ச்சியைச் சிதைக்கக்கூடியது. இளம்பெண்கள் இந்தக் கேள்வியை மருத்துவர் எடுக்கும்வரை காத்திருக்காமல் முதல் சந்திப்பிலேயே தாங்களாகக் கேட்க வேண்டும்.

இன்று இரவு கணவரிடம் சொன்னேன்: பதினைந்து ஆண்டுகள் கழித்து, வயதும் ஏறிய பிறகு, மறுபடி நெஞ்சைத் திறப்பார்கள் என்று காத்திருப்பதைவிட, தினமும் ஒரு மாத்திரையைக் கவனத்தோடு போடுவது என்னால் முடியும். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் மாத்திரை நேரத்தை நானும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

17 பிப்ரவரி 2022

அறுவை முடிந்து எட்டாம் நாள். பொட்டாசியம் கலந்த திரவத்தால் இதயத்தை நிறுத்தி வைத்திருந்தது 82 நிமிடங்கள், பொருத்திய வால்வு 27 மில்லிமீட்டர் என்று அறிக்கையில் இருக்கிறது. வால்வின் வரிசை எண் பொறித்த அட்டை ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டுமாம். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பதால் இருமும்போதெல்லாம் சிறு தலையணையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொள்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் இரைச்சலில் அந்த ஒலி தெரியவில்லை. தனி அறைக்கு வந்த முதல் இரவில்தான் கேட்டேன். நகத்தால் மெல்லிய பீங்கானைத் தட்டுவது போன்ற ஒலி, காது வழியாக அல்லாமல் எலும்பு வழியாக வருவதுபோல் இருந்தது. இடப்பக்கம் படுத்தால் தலையணைக்குள் இறங்கித் திரும்பி வருகிறது. வாயைத் திறந்தால் கூடுகிறது, மூடினால் தணிகிறது. அன்று இரவு விடியும்வரை வாயைத் திறந்தும் மூடியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, நீ பேசாமல் இருந்தாலும் நீ இருப்பது எனக்குக் கேட்கிறது" என்றாள்.

20 மார்ச் 2022

ஐ.என்.ஆர். என்ற மூன்றெழுத்தோடு இனி வாழ்க்கை. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான அளவாக மாற்றிச் சொல்லும் எண் அது. மாத்திரை இல்லாதவருக்கு ஏறக்குறைய 1; எனக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் ரத்தம் மெதுவாக ஓடுவதால் உறையும் வாய்ப்பு அதிகம். ஆகவே அயோர்ட்டிக் வால்வு உள்ளவர்களைவிட எங்களுக்கு எல்லை சற்று மேலே. கடந்த நான்கு வாரங்களின் எண்கள்: 1.8, 2.3, 3.9, 3.0.

3.9 வந்த அன்று அஞ்சி, இரண்டு நாள் மாத்திரையை நானே குறைத்துவிடலாமா என்று யோசித்தேன். பரிசோதனைக் கூடத்தில் இருந்த செவிலியர் பொறுமையாக விளக்கினார். வார்ஃபரின் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே கொண்டு முழுமையாக்குவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் புரதங்கள் தீர நாட்கள் ஆகும் என்பதால், இன்று மாற்றிய அளவு இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகே எண்ணில் தெரியத் தொடங்கும். தினமும் எண்ணைத் துரத்திக்கொண்டு அளவை மாற்றினால் அது ஊஞ்சல்போல் இரு பக்கமும் போகும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கீரையை அறவே விட்டுவிடு என்கிறார்கள். இது தவறான அறிவுரை என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கீரையில் வைட்டமின் கே மிகுதி, உண்மைதான். ஆனால் ஒரேயடியாக நிறுத்துவதும் ஒரேயடியாகக் கூட்டுவதும்தான் எண்ணைக் குலைக்கும். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

8 ஜூன் 2022

இதை எழுதலாமா என்று இரண்டு நாட்கள் தயங்கினேன். எழுதாமல் விட்டால் எனக்கு நேர்ந்தது இன்னொரு பெண்ணுக்கும் நேரும்.

அறுவைக்கு முன்பு ரத்தக்கசிவு என்ற சொல் நூறு முறையாவது என் காதில் விழுந்தது. மூக்கு, ஈறு, குடல், மூளை என்று எல்லாம் சொன்னார்கள். மாதவிடாயைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதங்களாக ஏழெட்டு நாட்கள் நிற்காத போக்கு, ஹீமோகுளோபின் 8.4க்கு வந்துவிட்டது. மூச்சு வாங்கியபோது வால்வில்தான் கோளாறு என்று பதறி ஓடினேன். எக்கோவில் வால்வு நன்றாக இருந்தது. பெண்கள் மருத்துவரும் இதய மருத்துவரும் தொலைபேசியில் கலந்து பேசினார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தக்கட்டை ஊக்குவிக்கும் என்பதால் எனக்கு ஆகாது. கருப்பைக்குள்ளேயே இருந்து புரோஜெஸ்டின் ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் சிறு சாதனத்தை வைத்திருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கியாயிற்று. வார்ஃபரினை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

21 நவம்பர் 2022

பல்லைச் சுத்தம் செய்யப் போகும்போதெல்லாம், கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் குடியேறாமல் இருக்க, ஒரு மணி நேரம் முன்பாக அமாக்சிசிலின் 2 கிராம் போட்டுக்கொள்கிறேன். அந்தக் கவனத்தில் குறை இல்லை. போன வாரம் ஈறு சீழ் வைத்தபோது, வெளியூரில் இருந்ததால் வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். வால்வைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுதிய மாத்திரைகளில் மெட்ரோனிடசோல் இருந்தது. வார்ஃபரினை உடல் கழிப்பதை அது தடுத்து, அதன் வேகத்தைக் கூட்டிவிடும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பல் துலக்கியபோது ரத்தம் நிற்கவில்லை. முழங்கைக்கு உள்பக்கம், எங்கே இடித்துக்கொண்டேன் என்றே தெரியாமல் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். ஐ.என்.ஆர். 6.2. வார்ஃபரினை இரண்டு வேளை நிறுத்தி, நாள்தோறும் சோதித்தார்கள். வைட்டமின் கே ஊசி போட்டால் உடனே இறங்குமே என்றதற்கு, பெரிய ரத்தக்கசிவு இல்லாத நிலையில் அதைக் கொடுத்து எண்ணைத் தரைமட்டமாக்கினால் வால்வில் ரத்தக்கட்டி விழக்கூடும் என்றார் என் மருத்துவர். நான்காம் நாள் 3.1. புதிய மாத்திரை எதுவாக இருந்தாலும், தொடங்கிய மூன்று நான்கு நாட்களில் ஐ.என்.ஆர். பார்ப்பது என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டாமல், மாத்திரைப் பெட்டியின் மூடி மேலேயே எழுதிவிட்டேன்.

3 ஜூலை 2023

நள்ளிரவில் விழிப்பு வந்தது. ஒலி கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன்; எங்கோ தொலைவில் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் மிக மெல்லியதாக இருந்தது. ஒலி மங்கினால் இதழில் ரத்தக்கட்டி சேர்ந்து அசைவைத் தடுக்கிறது என்று பொருளாகலாம், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கணவரை எழுப்பினேன். அவர் என் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எப்போதும்போலத் தெளிவாகத்தான் இருக்கிறது" என்றார். ஆனாலும் கிளம்பினோம். எக்ஸ்-ரே திரையில் இரண்டு இதழ்களும் இரண்டு மெல்லிய கோடுகளாக முழுமையாகத் திறந்து மூடுவதைக் காட்டினார்கள். மூன்று நாள் ஜலதோஷத்தில் அடைத்திருந்தது என் காதுதான்.

வீண் அலைச்சல் ஆகிவிட்டதே என்று மன்னிப்புக் கேட்டேன். பணியில் இருந்த இளம் மருத்துவர், "இதே சந்தேகம் நாளைக்கே வந்தாலும் வாருங்கள்" என்றார். அந்த ஒலியை முதல் மாதங்களில் எவ்வளவு வெறுத்தேன் என்பது திரும்பி வரும் வழியில் நினைவுக்கு வந்தது.

9 பிப்ரவரி 2024

இரண்டு ஆண்டுகள். மாடிப்படியில் இப்போது நிற்பதில்லை, தலையணை ஒன்றுதான்.

அடுத்த மாதம் அறுவைக்குப் போகும் ஒரு பெண் இன்று பேசினாள். வயது 27, திருமணமாகி ஓராண்டு. எந்த வால்வு அக்கா என்று கேட்டாள். நான் எடுத்த முடிவை அவளுக்குச் சொன்னேன், ஆனால் அதையே எடு என்று சொல்லவில்லை. குழந்தை வேண்டுமா, எப்போது, அதுவரை எந்த மருந்து, கருவுற்றால் எந்த வாரத்தில் என்ன மாற்றம், மாதவிடாய் அதிகமானால் யாரிடம் போவது, மாதந்தோறும் பரிசோதனை செய்யும் இடம் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு போய் மருத்துவர் எதிரில் உட்காரச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்வது தொலைபேசியில் கேட்டது. பேச்சு முடியும்போது, "பின்னால் ஏதோ டிக் டிக்கென்று கேட்கிறதே, அதுவா?" என்றாள். அதுதான் என்று சொல்லி, அவள் கேட்பதற்காகச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன்.

இன்றைய எண் 2.9. மாத்திரையில் மாற்றமில்லை. அடுத்த பரிசோதனை மார்ச் 8.