மொட்டைமாடிக்கு மேலே போன தொலைபேசிக் கம்பிகளை நகர்த்திய அனுபவம்

எங்கள் மொட்டைமாடியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலே, மூன்று கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. மாடியில் ஓர் அறை எடுக்க வேண்டும் என்று முடிவானபோது, அவற்றை நகர்த்தாமல் சாரம்கூடக் கட்ட முடியாது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். இப்போது மூன்றும் அங்கே இல்லை. ஆனால் தொலைபேசி நிறுவனத்தின் சேவை மையத்தின் மீதுள்ள எரிச்சல் இன்னும் முழுவதும் அடங்கவில்லை.

சிக்கல் முதல் கேள்வியிலேயே தொடங்கியது. "உங்க டெலிபோன் நம்பர் சொல்லுங்க சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். எங்களுக்கு அந்த நிறுவனத்தின் இணைப்பே கிடையாது. மூன்று கம்பிகளில் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. எல்லாமே எங்கள் தலைக்கு மேலாகப் பின்தெருவுக்குப் போகின்றவை. இதை விளக்கியதும், இணைப்பு எண் இல்லாமல் புகாரைக் கணினி ஏற்காது என்று சொன்னார். அவர் கடுமையாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மிகவும் பணிவாக, எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே வாக்கியத்தையே திருப்பிச் சொன்னார். கம்பி என் வீட்டின் மேல் கிடக்கிறது, அதைப் பற்றி முறையிடும் உரிமையோ கம்பியின் மறுமுனையில் இருப்பவருக்கு மட்டும்தான் என்பது அந்த ஏற்பாட்டின் தர்க்கம்.

வேறு வழியின்றிப் பின்தெருவில் அந்த இணைப்பை வைத்திருக்கும் பெரியவரிடம் போய் நின்றேன். தன் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு, நியாயமான பயம்தான். ஒருவழியாகச் சம்மதித்து எண்ணைக் கொடுத்தார், புகாரும் பதிவாயிற்று. லைன்மேன் வந்தார், ஆனால் எங்கள் வீட்டுக்கு அல்ல. பெரியவர் வீட்டில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, டயல் டோன் கேட்கிறது என்று உறுதி செய்துகொண்டு போய்விட்டார். பழுது சரிசெய்யப்பட்டுவிட்டதாக மாலையில் குறுஞ்செய்தி வந்தது. மறுபடி பதிவு செய்தோம். மறுபடி அதே டயல் டோன், அதே குறுஞ்செய்தி.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் புகார் முறைக்குத் தெரிந்தது பழுது ஒன்றுதான். தவறான இடத்தில் கிடக்கும் கம்பியாக இருந்தாலும், பேச முடிகிற வரை அதில் பழுது இல்லை. நாம் கேட்க வேண்டியது பழுது நீக்கம் அல்ல, லைன் இடமாற்றம். அதற்குப் பழுதுப் புகார் உதவாது, வெளிப்புறக் கேபிள்களைக் கவனிக்கும் பொறியாளர் பிரிவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் கவுண்டர்காரர் அல்ல. தெருமுனையில் வேறு வேலையாக ஏணியைச் சாத்திக்கொண்டிருந்த ஒரு லைன்மேன். இதே நிலையில் இருப்பவர்கள் சேவை மையத்தின் வரிசையைத் தவிர்த்துவிட்டு நேராக அந்தப் பிரிவுக்குப் போங்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் கம்பி யாருடையது என்பதை நீங்களே கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒரே கம்பத்தில் பல நிறுவனங்களின் கம்பிகள் தொங்கும். கம்பம் இவற்றில் எவருக்கும் சொந்தமில்லாமல் மின்சாரத் துறையுடையதாகவும் இருக்கலாம். பொதுவாக மின்கம்பிகள் கம்பத்தின் உச்சியில் இருக்கும், தொலைபேசி, கேபிள் டிவி, இணையக் கம்பிகள் இடைவெளி விட்டுக் கீழே இருக்கும். பெரும்பாலான கேபிள்களின் கறுப்பு உறைமேல் குறிப்பிட்ட இடைவெளியில் சிறு எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும்: தயாரித்த நிறுவனம், ஆண்டு, உள்ளே எத்தனை ஜோடிச் செம்புக் கம்பி அல்லது எத்தனை கண்ணாடி இழை, மீட்டர் கணக்கு, சிலவற்றில் உரிமையாளர் பெயரும் உண்டு. கம்பியைத் தொடாமல், கைப்பிடிச் சுவரோரம் நின்று கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். தடித்த கம்பி தொலைபேசி நிறுவனத்தின் செம்புக் கேபிள், மெல்லியதில் ஒன்று தனியார் இணைய நிறுவனத்தின் கண்ணாடி இழை என்று தெரிந்தது. மூன்றாவதில் எழுத்தெல்லாம் வெயிலில் அழிந்துபோயிருந்தது.

பத்திரத்தையும் பார்த்துவிடுங்கள். எங்கள் பத்திரத்தில் கம்பிக்கான வழியுரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. அதைக் காட்டி உடனே அகற்றச் சொல்லலாம் என்று சிலர் ஏற்றிவிட்டார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. முந்தைய உரிமையாளர் ஒப்புதல் கடிதம் கொடுத்திருக்கக்கூடும். தவிர, தனியார் நிலத்தின் மேலாகக் கம்பி கொண்டுபோகப் பல நாடுகளின் சட்டம் நிறுவனங்களுக்கு அதிகாரம் தருகிறது. கட்டட வேலை தொடங்க இருப்பதால் பாதையை மாற்றித் தருமாறு மட்டும் எழுதினேன். முதல் தடவை வரைபடம் இல்லை என்று திருப்பினார்கள், அடுத்த தடவை வீட்டு வரைபடத்தில் பழைய உரிமையாளர் பெயர் இருக்கிறது என்றார்கள். இரண்டையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

ஆய்வுக்கு வந்த பொறியாளர், கம்பியை இழுத்துக் கட்டி உயர்த்திவிட்டால் போதும் என்றார். கேட்க எளிதாகத்தான் இருந்தது. கூட வந்த லைன்மேன்தான் முனைக் கம்பத்தைக் காட்டினார். அது ஏற்கெனவே எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. இரு கம்பங்களுக்கு இடையே தொங்கும் கம்பியின் தொய்வைப் பாதியாக்கினால் அதன் இழுவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதைத் தாங்க எதிர்ப்பக்கம் ஸ்டே கம்பி, அதாவது கம்பத்தைச் சாயவிடாமல் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி, வேண்டும், அதற்கு அங்கே இடமே இல்லை. போதாக்குறைக்கு அவர்கள் உயரத்தை அளந்தது காலை வேளையில். வெயில் ஏறினால் கம்பி நீண்டு இன்னும் தாழும் என்பதால், நண்பகலில் மறுபடி அளக்கச் சொல்லி அந்த அளவையும் குறிப்பில் எழுத வைத்தேன். பக்கத்துத் தெருவில் புதிய கம்பம் நட்டு, கேபிளைத் தெருவோரமாகக் கொண்டுபோவது என்று கடைசியில் முடிவாயிற்று. மதிப்பீட்டுத் தொகையைக் கட்டியதும் மற்றவை வேகமாக நடந்தன.

இந்த இடைவெளியில் பெரிய தலைவலி கொத்தனாரின் ஆள்தான். "டெலிபோன் கம்பிதானே சார், கட் பண்ணிடலாம்" என்று கட்டிங் பிளேயரோடு மாடிக்கு ஏறிவிட்டார். செம்புத் தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். மணி அடிக்கும்போது 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் அதன்மேல் ஏறும், ஈரக் கையில் நன்றாகவே உதறும். அதைவிடப் பெரிய ஆபத்து, வேறெங்கோ அது மின்கம்பியில் உரசிக்கொண்டிருக்கலாம் என்பது. மாடியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கண்ணாடி இழையில் மின்சாரம் இல்லை என்றாலும், வெட்டிய முனையிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஒளி வரலாம், கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. உடைந்த இழைத் துணுக்கு தோலில் ஏறினால் எடுப்பதும் பெரும்பாடு. வெட்டினால் வழக்கு வேறு வரும், பெரியவரின் அவசர அழைப்பும் போகாது.

வேலை நடந்த அன்று இணைய நிறுவனத்தார் கம்பத்தில் சுருட்டி வைத்திருந்த உபரி இழையைப் பிரித்து, ஒரு வெட்டுகூட இல்லாமல் பாதையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக் கேபிளை மட்டும் வெட்டி, ஜோடி ஜோடியாக இணைக்க வேண்டியிருந்தது. இருட்டும் வரை பெரியவர் வீட்டுத் தொலைபேசி பேசவில்லை, அவர் எங்கள் வாசலைவிட்டு நகரவில்லை.

மூன்றாவது கம்பியை இரு நிறுவனங்களும் தங்களுடையது அல்ல என்று வாய்வார்த்தையாகக் கைகழுவின. சரி, அதையே மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டு இருவரிடமும் வாங்கினேன். வந்திருந்த லைன்மேனிடம் அவற்றைக் காட்டியதும், கம்பி போகும் வழியே இரு முனைகளையும் போய்ப் பார்த்தார். ஒரு முனை கம்பத்தில் எதிலும் சேராமல் சுற்றிக் கிடந்தது, மறுமுனை ஒரு சுவரில் துருப்பிடித்த காலிப் பெட்டிக்குள் முடிந்திருந்தது. அதன்பிறகு கழற்றிச் சுருட்டுவதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. அந்த மின்னஞ்சல்கள் இல்லாமல் எவரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

புதிய பாதையின் வரைபட நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். கம்பி போனாலும் கைப்பிடிச் சுவரில் அறைந்திருந்த இரும்புக் கொக்கிகளை விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவற்றைப் பிடுங்கி ஓட்டையைச் சிமெண்ட் கலவையால் அடைத்த பிறகே பூச்சு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், எங்கள் சுவரில் மழைநீர் அந்த ஓட்டை வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.